நாலடி டிவி

எங்கள் பக்கம் இப்போது யார் டிவி வாங்கினாலும் கம்பெனி பெயரைக் கேட்பதில்லை. "எத்தனை இஞ்ச்?" என்றுதான் கேட்கிறார்கள். 43 என்றால் "ம்" என்று தலையாட்டிவிட்டு, மழை வருமா என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். 55 என்றால் நின்று விசாரிக்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் 65 வாங்கினார். அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் படம் எப்படி இருந்தது என்று சொல்லவே இல்லை. அந்த வீட்டுச் சுவர் எவ்வளவு பெரியது என்றுதான் சொன்னார்கள்.

இந்த இஞ்ச் கணக்கு மூலைக்கு மூலை குறுக்காக அளப்பது. 55 என்றால் நாலடி அகலம், இரண்டேகால் அடி உயரம். பழைய 14 இஞ்ச் பெட்டியைப் போல நாலு மடங்கு என்று மனசு சட்டென்று கணக்குப் போடும். பரப்பை அளந்தால் ஏறக்குறைய பதினான்கு மடங்கு வரும். வாங்கும் முன் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்ப்பது நல்லது. நாங்கள் போட்டுப் பார்த்தோம். அம்மா அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "ஏப்பா, அப்ப உங்க அப்பத்தா படத்த எங்க மாட்டுறது?" என்றார். அதற்குப் பதில் யாரிடமும் இல்லை. ஐயா, அப்பத்தா, பெரியப்பா என்று இரண்டு தலைமுறை வரிசையாகச் சட்டம் போட்டு உட்கார்ந்திருந்த இடம் அது.

பெரிய டிவி பக்கம் ஜனம் சாய்ந்ததற்கு டெல்லியும் ஒரு காரணம். 2025 செப்டம்பர் 22 முதல், 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. 32 வரை உள்ளவற்றுக்கு 2019 ஜனவரியிலேயே 18தான். ஆக, 32-ஐத் தாண்டுவது ஆடம்பரம் என்று அரசாங்கம் ஏறக்குறைய ஏழு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தது. எங்கள் புதுக்கோட்டை கீழராஜ வீதியில் நடந்தால் எந்தக் கடையிலும் "பத்து பர்சென்ட் குறைஞ்சிருச்சு சார்" என்பார்கள். வரியில் பத்து குறைந்தது நிஜம். விலையில் அவ்வளவு குறையாது. வரிக்கு முன்னால் 50,000 ரூபாய் என்றால், முன்பு 64,000, இப்போது 59,000. ஐயாயிரம் மிச்சம். எட்டு சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழே. ஐயாயிரம் சும்மா வருமா, வரட்டும். ஆனால் அந்த ஐயாயிரத்தைக் காட்டியே 43 வாங்கப் போன ஆளை 55-க்கு ஏற்றிவிடுகிறார்கள். மீதியைத் தவணையில் கட்டிக்கொள்ளலாமாம்.

கடையில் எல்லா டிவியிலும் ஒரே வீடியோதான் ஓடும். மயில் தோகை, அறுத்து வைத்த ஆரஞ்சு, பனிமலை, பல்லியின் கண். கடைக்கென்றே வெளிச்சத்தையும் சாயத்தையும் உச்சத்தில் ஏற்றி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து மயங்கி வாங்கி, வீட்டுக்கு வந்து கேபிளைச் செருகி ராத்திரிச் செய்தியைப் போட்டால், வாசிப்பவரின் மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. டிவி சரியில்லை என்று கடைக்குப் போன் போடுவார்கள். டிவி சரியாகத்தான் இருக்கிறது.

4கே டிவியில் குறுக்காக 3,840 புள்ளிகள், நெடுக்காக 2,160. பெருக்கினால் 83 லட்சத்தைத் தொடும். கேபிளில் வருகிற சாதாரண சேனலின் படத்தில் அதிகபட்சம் 720-க்கு 576, அதாவது நாலே கால் லட்சத்துக்கும் குறைவு. வருகிற ஒரு புள்ளியை வைத்து டிவி இருபது புள்ளியை நிரப்பியாக வேண்டும். மீதிப் பத்தொன்பதும் அதன் ஊகம். பக்கத்துப் புள்ளி சிவப்பு, அதனால் இதுவும் சிவப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்து நிரப்புகிறது. நாம் பார்க்கிற செய்தி வாசிப்பாளரில் இருபதில் ஒரு பங்குதான் நிஜம் என்று வைத்துக்கொள்ளலாம். (செய்தியில் எத்தனை பங்கு என்பது வேறு விஷயம்.)

இதே சேனல் இலவச டிவியில் பளிச்சென்று இருந்ததே என்பார்கள். இருக்கும். அந்தப் படம் அந்த அளவுத் திரைக்காகவே வந்தது. 2006 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி கொடுத்து, அந்த ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் தொடங்கிய திட்டம். ரேஷன் கார்டைக் காட்டி வாங்கிய 14 இஞ்ச் வண்ணப் பெட்டி. ஐந்து வருஷத்தில் தமிழ்நாடு முழுக்க ஒன்றரைக் கோடிக்கு மேல் கொடுத்தார்கள். இலவசம் கொடுப்பதாகச் சொல்லி ஓட்டு கேட்கலாமா என்று வழக்குப் போட்டு, அது உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்படி வாக்குறுதி கொடுப்பது சட்டப்படி தேர்தல் முறைகேடு ஆகாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. அதற்குள் ஆட்சி மாறி, மிக்ஸியும் கிரைண்டரும் ஃபேனும் வந்திருந்தன.

அந்த 2006-ல் டிவிக்கு இருந்த மதிப்பே தனி. டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வாங்கினார் எங்கள் மாவட்டத்துக் கத்தக்குறிச்சி சாந்தி. ஏதோ பரிசோதனையைச் சொல்லி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். அப்படியும் முதலமைச்சர் கருணாநிதி அவரை அழைத்துப் பதினைந்து லட்சம் ரூபாய் கொடுத்தார். கூடவே ஒரு டிவியும் கொடுத்தார். இன்றைக்கு ஓட்டப்பந்தய வீராங்கனைக்கு டிவி கொடுத்தால் சிரிப்பார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அதற்கும் முந்தைய கதை இன்னும் விசேஷம். சென்னைத் தொலைக்காட்சி 1975-ல் தொடங்கியும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி என்று கடலோரத்தில் வசதியுள்ளவர்கள் இரும்புக் குழாயில் ஆன்டெனாவை உயர்த்திப் பிடித்தது இலங்கையின் ரூபவாகினியைத்தான். அது 1982-ல் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கத்து நாடு தெரிந்தது, சொந்த மாநிலத் தலைநகரம் தெரியவில்லை. கொடைக்கானலில் கோபுரம் எழுந்த பிறகுதான் நமக்கு நம் ஆட்கள் வந்தார்கள். ஊராட்சி டிவி அறை என்று ஒன்று இருந்ததை நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆள் உயரத்துக்கு மேலே சிமெண்ட் பலகை, அதற்கு இரும்புக் கதவு, சாவி ஒருவரிடம். அவர் வீட்டில் விசேஷம் என்றால் ஊருக்கே ஒளியும் ஒலியும் இல்லை.

தட்டை டிவியை முதலில் கொண்டுவந்தவர்கள் சிங்கப்பூர் ஆட்கள். திருச்சி விமான நிலையம் இருப்பதே புதுக்கோட்டை ரோட்டில்தான். அட்டைப் பெட்டியைக் கார் மேலே கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு கீரனூர் வழியாக வருகிற காட்சியை அப்போது தினமும் பார்க்க முடிந்தது. ஊரில் விலை அதிகம், அங்கே குறைவு, சுங்கத்தில் சலுகை வேறு. 2013-ல் ரூபாய் சரிந்துகொண்டிருந்த நேரத்தில் அரசாங்கம் அதில் கைவைத்தது. ஆகஸ்ட் 26 முதல், பயணி கொண்டுவரும் தட்டை டிவிக்குச் சலுகை இல்லாமல் போனது. எல்லாம் சேர்த்து அப்போது 36.05 சதவீத வரி. அன்றோடு கார் மேலே டிவி வருவது நின்றது. சிங்கப்பூர்ப் பணம் மட்டும் இப்போது ஊருக்கு வந்து, ஊர்க்கடையில் டிவியாகிறது.

எங்கள் வீட்டு டிவியை மாட்ட வந்த தம்பிக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். ட்ரில்லிங் மெஷினை அப்பத்தா இருந்த இடத்தில் வைத்து அழுத்தினார். பழைய ஓட்டு வீட்டுச் சுவர், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். துளையிலிருந்து மாவாகக் கொட்டியது. பிளாஸ்டிக் பிளக்கை அடித்து ஸ்க்ரூவைத் திருகினால், திருகத் திருகச் சுற்றிக்கொண்டே இருந்தது. "பிடிமானம் இல்லண்ணே. மாட்டிட்டுப் போயிடுவேன், ராத்திரி விழுந்தா என்னையச் சொல்லக் கூடாது." நேர்மையான பையன். சரி, கீழேயே வைப்போம் என்றால் டிவியின் இரண்டு காலும் இரண்டு ஓரத்தில் இருக்கின்றன, நடுவே மூன்றடிக்கு மேல் இடைவெளி. பழைய டிவி மேஜையின் அகலமே இரண்டடி. கடைசியில் திண்ணையில் கிடந்த தேக்குப் பெஞ்சு உள்ளே வந்தது. அதில் காலை நீட்டிப் படுத்துப் பழகிய அப்பாவுக்கு இன்றுவரை மனத்தாங்கல். அப்பத்தா படம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது, டிவிக்கு மேலே. இதே மாதிரிச் சுவர் உள்ளவர்கள், டிவி வாங்கும் முன்னால் பெஞ்சைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த முதல் ஞாயிறு ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஓடியது. ஜெமினி கணேசன். 1920-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர், எங்கள் ஊர்க்காரர் என்ற பாசம் வேறு. பார்த்தால் ஆளே மாறியிருந்தார். பழைய படங்கள் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் எடுத்தவை. இன்றைய திரை பதினாறுக்கு ஒன்பது. சேனல்காரரோ, செட்டாப் பாக்ஸோ, டிவியோ, யாரோ ஒருவர் இடத்தை நிரப்புவதற்காகப் படத்தை இழுத்துவிடுகிறார்கள். மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடிவிடும். காதல் மன்னன் ஊதிப்போய், கதாநாயகியின் அண்ணனாகத் தெரிந்தார். பி.யு. சின்னப்பாவுக்கும் இதே கதிதான். 1940-ல் 'உத்தம புத்திரன்' படத்தில் இரண்டு வேடம் போட்ட மனுஷன், இந்த டிவியில் வந்தால் மூன்று பேர் அகலம் இருப்பார்.

ரிமோட்டில் தேடி 4:3 என்று மாற்றினேன். ஜெமினி பழையபடி ஒல்லியானார். திரையின் இரண்டு ஓரமும் கறுப்பானது. அம்மா விடவில்லை. "இம்புட்டுக் காசு குடுத்து வாங்கிப்புட்டு, ரெண்டு பக்கமும் கரியா கெடக்கே?" காசு கொடுத்த இடமெல்லாம் படம் தெரிய வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்புதான். நான் இல்லாதபோது ஜெமினி மறுபடி பருத்துவிடுகிறார்.

இன்னொரு தொல்லை. புதுப் படத்தைப் போட்டால் சினிமா மாதிரியே இல்லாமல் சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். சினிமா நொடிக்கு 24 படங்கள். டிவி தன் சாமர்த்தியத்தில் நடுவே இல்லாத படங்களை உண்டாக்கிச் சேர்க்கிறது. கிரிக்கெட்டுக்கு நல்லது, சினிமாவுக்குக் கேடு. டாம் குரூஸே 2018 டிசம்பரில் ஒரு வீடியோ போட்டு, தயவுசெய்து இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். செட்டிங்ஸில் 'மோஷன்' என்று தொடங்கும் எதையாவது கண்டால் அணைத்துவிடுங்கள். சத்தமும் அப்படித்தான். பழைய பெட்டியில் ஸ்பீக்கர் நம்மைப் பார்த்து இருந்தது. ஒரு விரல் தடிமன் டிவியில் அதற்கு இடம் ஏது? கீழ்ப்பக்கம் பார்த்துப் பேசுகிறது. ஃபேன் ஓடினால் வசனம் பாதி போச்சு.

கரண்டு கணக்கையும் பார்த்துவிடலாம். 55 இஞ்ச் டிவி 120 வாட் இழுக்கும் என்று வைத்தால், தினம் ஆறு மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 43 யூனிட். அரசு இலவசமாகக் கொடுக்கிற யூனிட்டில் ஒரு பங்கு இதற்கே போகிறது. அது பரவாயில்லை. எங்கள் மாவட்டத்தில் பயப்பட வேண்டியது இடி மின்னலுக்கு. வானம் கறுத்தால் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும் கேபிள் வயரையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும். கேபிள் வயர் வழியாகவே மின்னல் வந்து எத்தனையோ டிவி போயிருக்கிறது.

கரண்டே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தவர்கள் நாங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரை கடந்து, கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் மின்கம்பமும் ஒன்றாகக் கிடந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. எங்கள் தோப்புகள் விழுந்து கிடந்ததை நாடே டிவியில் பார்த்தது. இங்கே டிவிப் பெட்டிமேல் ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்தது.

என் தீர்ப்பு இதுதான். உட்காருகிற இடத்துக்கும் சுவருக்கும் ஏழெட்டு அடிதான், பார்ப்பது பெரும்பாலும் கேபிள்தான் என்றால் 43 இஞ்ச் போதும். கடைக்குப் போகும் முன் கேபிள்காரரிடம் ஹெச்.டி. பெட்டி இருக்கிறதா, நீங்கள் பார்க்கிற சேனல்கள் ஹெச்.டி.யில் வருமா, மாதம் எவ்வளவு கூடும் என்று கேளுங்கள். இன்டர்நெட்டில் படம் பார்க்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் மட்டும் 55 பக்கம் போங்கள். மிச்சமாகிற பணத்தில் ஒரு சவுண்ட்பார் வாங்கலாம். பழைய குண்டுப் பெட்டி வீட்டில் கிடந்தால் இரும்புக் கடையில் போடாதீர்கள். செம்புக் கம்பிக்காக அதை உடைப்பார்கள், அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. புது டிவி வாங்குகிற கடையிலேயே, எக்ஸ்சேஞ்சுக்கு ஐந்நூறு ரூபாய்தான் தருவார்கள் என்றாலும், கொடுத்துவிடுங்கள்.