விரல் நுனிக்கும் முதுமை

கண் மங்கினால் கண்ணாடி அணிகின்றோம். செவி மந்தமானால் அருகிலிருப்போர் உரத்துப் பேசுகின்றனர். மெய்யின் உணர்ச்சி குன்றுவதையோ எவரும் பொருட்படுத்துவதில்லை. உரியவரே பெரும்பாலும் அதனை அறியார். ஆச்சியின் கையிலிருந்து தேநீர்ப் பேணி நழுவி விழுமாயின், "ஆச்சிக்குக் கவனமில்லை" என்று வீட்டார் கூறிவிடுவர். அப்பழியில் ஒரு பங்கு தோலுக்கும் உரியது.

விரல் நுனியில், மேற்றோலுக்குச் சற்றுக் கீழே, வெறுங்கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுடல்கள் பல உள. 1852ஆம் ஆண்டில் ஜேர்மனியரான மைசினர் இவற்றை விவரித்தமையால் அவர் பெயரே இவற்றுக்கு நிலைத்தது. மெல்லிய தீண்டலையும், பிடித்த பொருள் வழுக்கத் தொடங்குவதையும் நரம்பு வழியே மூளைக்கு அறிவிப்பதில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு. பன்னிரண்டு வயதில் ஒரு சதுர மில்லிமீற்றர் தோலில் உள்ள இவற்றின் தொகை, ஐம்பது வயதளவில் ஏறக்குறைய நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடுகின்றது. (நாற்பதைக் கடந்த எமக்கு இஃது உவப்பான செய்தியன்று.) எஞ்சியவையும் உருக்குலைகின்றன. வழுக்கும் செய்தி சரிவரக் கிட்டாமையால் முதியோர் பொருள்களைத் தேவைக்கு மிஞ்சி இறுக்கிப் பிடிக்கின்றனர். விரலும் விரைவிற் களைத்துப் போகின்றது.

மாணவர்கள் இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். 1834இல் வேபர் என்னும் ஜேர்மானியப் பேராசிரியர் வெளியிட்ட முறை இது. கவராயத்தின் இரு முனைகளையும் மழுங்கச் செய்து, கண்ணை மூடியிருப்பவரின் தோலில் ஒரே வேளையில் மெல்ல வைத்து, ஒன்றா இரண்டா என வினவுக. இளைஞர் விரல் நுனியில் 2 மில்லிமீற்றர் இடைவெளியையே உணர்ந்துவிடுவர். முதுகிலோ 40 மில்லிமீற்றர் அளவு வேண்டும். பின்னர் பாட்டனாரின் விரலையும் அளந்து பாருங்கள்.

கையினும் காலே கவலைக்குரியது. முதுமையில் பாதத்தின் உணர்ச்சி மிகவும் குன்றும். நீரிழிவும் சேர்ந்தால், முள் தைத்ததும் சுடுநீர் பட்டதும் தெரியாமற் போகலாம், புண் முற்றிய பின்னரே கண்ணிற் படும். குனிந்து தம் உள்ளங்காலைப் பார்க்க இயலாத முதியோருக்கு, இரவு படுக்குமுன் பேரப்பிள்ளை ஒருவர் விளக்கொளியிற் பார்த்துச் சொல்லலாம். குளிக்கும் வெந்நீரின் சூட்டையும் இளையோரே முன்னர் தொட்டுப் பார்த்தல் நன்று.

ஆயினும் வியப்பான விதிவிலக்கு ஒன்றுண்டு. பிரெயில் எழுத்தின் புள்ளிகள் ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர் இடைவெளியில் அமைந்தவை. 2008இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், பார்வையுள்ளோரின் விரற்கூர்மை வயதுடன் படிப்படியாகக் குன்ற, பிரெயில் வாசிக்கும் பார்வையற்றோரின் கூர்மை முதுமையிலும் குன்றாதிருந்தது. அவர்தம் தோல் மட்டும் மூப்படையாதிருக்கும் என எண்ண இடமில்லை. நாள்தோறும் தடவித் தடவிப் பழகியதால், கிட்டும் சிறு செய்தியையும் மூளை நன்கு பயன்படுத்துகின்றது போலும்.