ஒரு நிமிடம்தான் நிற்கும்

ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவன் ரயில் படம் பார்க்க உட்கார்ந்தால் வீட்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது. சிக்னல் தப்பு, பெட்டி வரிசை தப்பு என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன். பிராட் பிட் நடித்து 2022இல் வந்த 'புல்லட் டிரெயின்' படத்திலும் முணுமுணுக்க நிறைய இருக்கிறது. ஜப்பானில் ஷிங்கான்சென் வண்டிகள் நள்ளிரவிலிருந்து காலை 6 மணிவரை ஓடுவதே இல்லை. அது தண்டவாளப் பராமரிப்புக்கான நேரம். டோக்கியோவில் ஏறினால் வேகமான வண்டி இரண்டேகால் மணி நேரத்தில் க்யோட்டோவில் இறக்கிவிடும். படத்தில் ராத்திரி கிளம்பிய வண்டி விடிகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர்கிறது. நம் பாசஞ்சர் தேவலை!

இருந்தும், இந்தப் படம் எப்போது ஓடினாலும் எழுந்திருக்க மனம் வருவதில்லை. வந்தபோது பலர், வெறும் சத்தம், உள்ளே சரக்கில்லை என்று எழுதினார்கள். சத்தம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்கு அடியில் ஒரு கால அட்டவணை ஓடுகிறது. அதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

கதை இவ்வளவுதான். பணம் அடைத்த ஒரு கைப்பெட்டி. அதை எடுத்துக்கொண்டு அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட வேண்டும். லேடிபக் என்று பட்டப்பெயர் கொண்ட பிராட் பிட்டுக்குக் கொடுத்த வேலை அது. அதே வண்டியில் இன்னும் பல கொலைகாரர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. ஷினகாவா, ஷின் யோகோஹாமா, ஷிசுவோகா, நகோயா, மைபாரா என்று வண்டி நிற்கிறது. நிற்பது ஒரு நிமிடம். கதவு திறக்கும், இவர் கால் எடுத்து வைப்பார், ஏதாவது குறுக்கே வரும், கதவு மூடிக்கொள்ளும். ஒரு இடத்தில் இறங்கப்போகிறவர் எதிரே கத்தியோடு ஒருவன் ஏறிவருகிறான். அவன் வீசிய கத்தி கைப்பெட்டியில் பட்டுத் திரும்பி அவன் நெஞ்சிலேயே பாய்கிறது. அவனை ஜன்னலோரம் உட்காரவைத்து, தூங்குகிற ஆள் மாதிரி ஜோடித்துவிட்டு நிமிர்ந்தால் வண்டி கிளம்பியிருக்கும்.

இரண்டு நிமிட நிறுத்தத்தில் மூட்டை முடிச்சோடு ஒரு குடும்பமே ஏறுவதைப் பச்சைக் கொடியும் கையுமாக நின்று பார்த்தவன் நான். ஒரு நிமிடத்தில் எத்தனை காரியம் நடக்கும், எத்தனை நடக்காது என்று எனக்குத் தெரியும். இந்தப் படத்தின் வேகம் அந்த நிமிடத்தில் இருக்கிறது. இப்போது நம் ஊரில் நட்சத்திரங்களைக் கூட்டி எடுக்கிற அதிரடிப் படங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்லோமோஷன் அறிமுகம், அதற்கொரு முழக்கம். யாருக்கும் எங்கேயும் இறங்கவேண்டிய அவசரம் இல்லை. ஆள் கூடக் கூடப் படம் நகரமாட்டேன் என்கிறது.

இந்தப் படத்திலோ ஆளுக்கொரு பைத்தியம் வைத்திருக்கிறார்கள். லெமன், டாஞ்சரின் என்று இரண்டு பேர். லெமனுக்கு உலகத்தை 'தாமஸ்' என்ற குழந்தைகளின் ரயில் எஞ்சின் கதை வழியாக மட்டுமே பார்க்கத் தெரியும். யார் நல்லவன், யார் கெட்டவன் என்று எஞ்சின் பெயர் சொல்லித் தரம் பிரிப்பான். கெட்டவனுக்குப் பெயர் டீசல். (டீசல் எஞ்சின்களோடு பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.) சிரிப்புக்கு வைத்தார்கள் என்று நினைத்தால், அவன் ஒட்டுகிற ஒரு டீசல் ஸ்டிக்கர்தான் பின்னால் துப்புக் கொடுக்கிறது. தூக்கப்பொடி கலந்த ஒரு தண்ணீர் பாட்டிலுக்கும் தனியாக ஒரு முன்கதை சொல்கிறார்கள். டிக்கெட்டைத் தொலைத்துவிட்டு விழிக்கும் லேடிபக்கை மடக்குகிற கண்டக்டரை மறக்கமுடியாது. அத்தனை கொலைகாரர்களுக்கு நடுவே சட்டம் பேசுகிற ஒரே மனிதர்!

சண்டைகளும் இடத்தை உணர்ந்தவை. இயக்குநர் டேவிட் லீச் ஒரு காலத்தில் 'ஃபைட் கிளப்' படத்தில் பிராட் பிட்டுக்கு டூப் போட்டவர். அமைதி காக்கவேண்டிய பெட்டியில் லேடிபக்கும் லெமனும் உட்கார்ந்த இடத்திலேயே மேஜைக்கு மேலே அடித்துக்கொள்கிறார்கள். முன்னால் இருக்கும் பெண்மணி திரும்பி 'ஷ்' என்கிறார். உடனே இருவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சண்டையைத் தொடர்கிறார்கள். ஜாக்கி சான் படங்களில் நாம் விழுந்து விழுந்து சிரித்த சரக்கு இதுதான்.

கோத்தாரோ இசாகாவின் நாவலைத் தழுவிய படம் இது. நாவலில் வண்டி வடக்கே மொரியோகாவுக்குப் போகிறது, ஆட்களும் ஜப்பானியர். படத்தில் அவர்களில் பலர் வெள்ளைக்காரர்களாகவும் கறுப்பினத்தவராகவும் மாறியது பற்றிச் சர்ச்சை எழுந்தது, நியாயமான சர்ச்சைதான். நான் குறை சொல்வது கடைசிப் பகுதியை. க்யோட்டோவைத் தாண்டியதும் நிறுத்தமே கிடையாது. வண்டி தறிகெட்டு ஓடுகிறது, பெட்டிகள் பறக்கின்றன, எல்லாம் கம்ப்யூட்டர் வேலை. அதுவரை நுனி சீட்டில் இருந்தவன் அங்கேதான் சாய்ந்து உட்கார்ந்து கொட்டாவி விட்டேன்.

ரத்தம் நிறையச் சிந்துகிற படம். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள். க்யோட்டோ வரைக்கும் தைரியமாகப் பார்க்கலாம்.