ஸ்கேன் செய்தால் ஃபீஸ் தெரிய வேண்டும்



பிளஸ் 2 ரிசல்ட் வந்த மறுவாரம், மதுரையில் ஒரு கல்விக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒரு கல்லூரி ஸ்டால் முன்னால் அப்பாவும் மகளும் நின்றிருந்தார்கள். மகள் கையில் வழவழப்பான நோட்டீஸ். அதன் மூலையில் கியூஆர் கோடு. "எடும்மா, ஃபீஸ் எவ்வளவுன்னு பார்த்துருவோம்" என்றார் அப்பா. அவள் ஸ்கேன் செய்தாள். பெயர், செல்போன் எண், மார்க் எல்லாம் கேட்டு ஒரு படிவம் திறந்தது. "நம்பர் கொடுத்தா தினமும் போன் பண்ணுவாங்கப்பா" என்று தயங்கினாள். அவர் போனை வாங்கி, விரலால் மேலும் கீழும் தள்ளித் தேடினார். ஃபீஸ் எங்கேயும் இல்லை. நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த ஸ்டாலுக்கு நகர்ந்தார்.

அவர் முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

இந்தக் கியூஆர் கட்டம் பிறந்ததே அடுத்தவர் சிரமத்தைக் குறைக்கத்தான். ஜப்பானில் கார் உதிரிபாகப் பெட்டிகளில் பார்கோடு ஒட்டியிருந்த காலம். ஒரு பார்கோடில் சுமார் 20 எழுத்துகளே அடங்கும் என்பதால், ஒரே பெட்டிக்குப் பல பார்கோடுகளை ஸ்கேன் செய்து தொழிலாளர்கள் களைத்துப்போனார்கள். டென்சோ நிறுவனத்தின் மசாஹிரோ ஹாராவும் அவரது குழுவினரும் அதற்கு விடையாக 1994-ல் கொண்டுவந்ததுதான் கியூஆர் கோடு. காப்புரிமை கையில் இருந்தும், யாரும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

நம் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. 2018-ல் வந்த தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களிலேயே கியூஆர் கோடு இருந்தது. டீக்கடையிலும் அதில்தான் காசு போகிறது. ஆகவே 'ஸ்கேன் செய்யவும்' என்று மட்டும் போட்டு ஒரு பயனும் இல்லை. 'எங்கள் பஸ் எந்த ஊர் வழியாக வருகிறது? இங்கே பாருங்கள்' என்று போட்டால் கை தானாகப் போனை எடுக்கும். ஃபீஸ், ஹாஸ்டல், போன வருட கவுன்சலிங் கட்-ஆஃப், உதவித்தொகை: வீட்டில் ராத்திரி பேசுவது இவற்றைத்தான். அவை முதல் திரையில், தமிழில் இருக்கட்டும். நம்பரைக் கடைசியில் கேட்கலாம், விருப்பமுள்ளவர் கொடுப்பார்.

அச்சில் நடக்கும் பிழைகளும் உண்டு. பத்தடி தள்ளி நிற்பவர் ஸ்கேன் செய்ய வேண்டுமென்றால், கட்டம் ஏறக்குறைய ஓரடி அகலம் இருக்க வேண்டும். சுற்றிலும், கோடுக்குள் இருக்கும் சிறு கட்டங்களில் நாலின் அகலத்துக்கு வெற்றிடம் விடுவது விதி. ஃப்ளெக்ஸில் முதலில் அதைத்தான் வெட்டுகிறார்கள். நடுவில் லோகோ வைக்க ஆசைப்பட்டால், பிழைதிருத்தத்தை உச்ச அளவில் வைத்துக் கோடு தயாரிக்கச் சொல்லுங்கள். சுமார் 30 சதவீதம் வரை சேதமானாலும் போன் அதைப் படித்துவிடும். பைபாஸ் ஹோர்டிங்கில் மட்டும் தயவுசெய்து வேண்டாம். வண்டி ஓட்டுபவர் போனை எடுக்கக் கூடாது.

முகவரியைப் பிறகு மாற்றிக்கொள்ளக்கூடிய 'டைனமிக்' கோடு கல்லூரிகளுக்கு நல்லது. மார்ச்சில் அச்சடித்த நோட்டீஸ் ஜூலையிலும் சரியான தேதியைக் காட்டும். ஆனால் வாடகைச் சேவையில் எடுத்துச் சந்தா கட்ட மறந்தால், ஆயிரக்கணக்கான நோட்டீஸ்களும் வெறும் தாள்தான். கல்லூரியின் சொந்த இணையதள முகவரி வழியாகவே திருப்பிவிடுவது பத்திரம். தேனி பஸ் ஸ்டாண்டுக்கு ஒன்று, கண்காட்சிக்கு ஒன்று என்று தனித்தனிக் கோடு வைத்தால், எங்கிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று யார் நம்பரும் வாங்காமலே தெரிந்துகொள்ளலாம்.

பட்டன் போன் வைத்திருக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். கோடுக்குக் கீழே, ஆள் எடுத்துப் பேசும் ஒரு தொலைபேசி எண்ணையும் போடுங்கள்.

நம் கல்விச் சிறப்பிதழுக்கு விளம்பரங்கள் வரத் தொடங்கிவிட்டன. ஒவ்வொரு கட்டத்தையும் அச்சுக்குப் போகுமுன் ஒரு பழைய போனில் ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். திறந்ததும் ஃபீஸ் விவரம் இல்லையென்றால், அந்தக் கல்லூரிக்கு நானே போன் செய்து கேட்பேன்.

அன்புடன்,
ஆசிரியர்