வருமான வரி: பழைய பாக்கியும் புதிய பயமும்

வருமான வரிக் கணக்கை ஒரு வருஷம் விட்டவர் அடுத்த வருஷமும் விட்டுவிடுகிறார். காரணம் பேராசை அல்ல. பயம்! "இந்த வருஷத்துக்குக் கணக்குக் கொடுத்தா, போன வருஷக் கணக்கு எங்கேன்னு கேட்பாங்களே" என்ற பயம். அப்படியே மூன்று, ஐந்து, ஏழு என்று வருஷங்கள் ஏறிவிடுகின்றன. பாரிமுனை, ரிச்சி தெரு, ரங்கநாதன் தெரு என்று சென்னையில் எங்கே போனாலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. கடைக்காரர்கள் மட்டும் அல்ல. "சம்பளத்திலேயே வரி பிடிச்சிட்டாங்க, நம்ம வேலை முடிஞ்சுது" என்று இருந்துவிடும் குமாஸ்தாக்களும் இதில் சேர்த்தி.

இவர்களைத் திருடர்கள் என்று சொல்லிவிட முடியாது. அதற்காக, "பாவம், விட்டுவிடுங்கள்" என்று சொல்லவும் முடியாது. பக்கத்துக் கடைக்காரர் வருஷா வருஷம் ஒழுங்காகக் கட்டுகிறாரே!

"நம்ம சின்ன கடை, யாருக்குத் தெரியப்போகுது?" என்பவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாங்க் டெபாசிட் வட்டி, சேமிப்புக் கணக்கில் ஒரு வருஷத்தில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போட்ட ரொக்கம், வாங்கி விற்ற ஷேர், பதிவு செய்த வீடு, மனை என்று எல்லாம் வரித்துறையின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேருகிறது. 2021 நவம்பரில் இருந்து இந்த விவரங்களை ஆண்டுத் தகவல் அறிக்கை என்ற பெயரில் அவரவர் கணக்கிலேயே துறை காட்டுகிறது. மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பவர் மட்டும்தான் அதைப் பார்க்கவில்லை!

இன்னொரு குழப்பம் 12 லட்சம். 2025 பட்ஜெட்டில் 12 லட்சம் ரூபாய் வருமானம் வரை வரி இல்லை என்று சொன்னதும், கணக்கே கொடுக்க வேண்டாம் என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். தவறு. புதிய வரி முறையில் அந்த வரித் தள்ளுபடி 2025-26ல் வந்த வருமானத்தில் இருந்துதான். வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே கணக்குக் கொடுக்கவேண்டும். கொடுத்த பிறகுதான் தள்ளுபடி. அதற்கு முந்திய இரண்டு வருஷங்களுக்குத் தள்ளுபடி 7 லட்சம் வரைதான். 2022-23க்குப் போனால் 5 லட்சம். பழைய பாக்கியை இன்றைய சலுகையில் கழிக்க முடியாது. வருமானம் குறைவாக இருந்தாலும், வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கரண்ட் பில் கட்டியவர்கூட கணக்குக் கொடுக்கவேண்டும். ஏ.சி. போட்ட கடைக்காரர்கள் கவனிக்க!

சரி, விட்டவர்களுக்கு வழி உண்டா? உண்டு. கெடு தவறினால் அந்த டிசம்பர் 31 வரை தாமதக் கணக்குக் கொடுக்கலாம். வருமானம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் ஆயிரம் ரூபாய், அதற்கு மேல் என்றால் 5 ஆயிரம். வரி பாக்கி இருந்தால் மாதம் ஒரு சதவீதம் என்று வட்டி தனி. அந்த டிசம்பரும் போய்விட்டதா? 2022ல் மத்திய அரசு இன்னொரு கதவைத் திறந்தது. திருத்திய புதுக்கணக்கு. முதலில் இரண்டு வருஷம் திறந்திருந்த இந்தக் கதவு, 2025ல் நாலு வருஷமாக ஆக்கப்பட்டது. சுமார் 90 லட்சம் பேர் இப்படித் தாங்களாகவே கூடுதல் வரி கட்டி வருமானத்தைச் சரிசெய்துகொண்டார்கள் என்று 2025 பட்ஜெட் உரையில் நிதி அமைச்சர் சொன்னார்.

சும்மா திறந்த கதவு அல்ல. உள்ளே போகக் காசு. வரியும் வட்டியும் சேர்ந்து 30 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருஷத்திலேயே வந்தால் அதற்கு மேல் 25 சதவீதம், அதாவது ஏழாயிரத்து ஐந்நூறு. இரண்டாம் வருஷம் 50. மூன்றாம் வருஷம் 60. நாலாம் வருஷம் 70 சதவீதம், அதாவது 21 ஆயிரம். இதற்கிடையில் வட்டியும் வளர்ந்துகொண்டே போகும். கந்துவட்டிக்காரன் கணக்கு மாதிரி இருக்கிறதே என்று கேட்கலாம்.

கேட்கலாம்தான். ஆனால் மன்னிப்புத் திட்டங்களின் கதையையும் பார்க்கவேண்டும். 1997ல் தானாக வருமானத்தை வெளியிடும் திட்டம் வந்தது. பல வருஷம் ஒளித்துவைத்த பணத்துக்கு 30 சதவீதம் கட்டினால் போதும். வட்டி இல்லை, அபராதம் இல்லை. சுமார் 33 ஆயிரம் கோடி ரூபாய் வெளியே வந்தது. அதே பழைய வருஷங்களில் ஒழுங்காகக் கட்டியவர்கள் 40 சதவீதம் வரை கட்டியிருந்தார்கள். ஒளித்தவனுக்கு லாபம், கட்டியவனுக்குப் பட்டை நாமம்! 2016 திட்டத்தில் 45 சதவீதம் என்று வைத்தபோதுதான் அந்தப் புத்தி வந்தது. ஆகவே தாமதத்துக்கு விலை இருக்கவேண்டும் என்பதில் தப்பு இல்லை.

தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் கதவு ஒரு பக்கம்தான் திறக்கும். அரசுக்குப் பணம் வரவேண்டும் என்றால் நாலு வருஷம். அரசிடம் இருந்து பணம் வரவேண்டும் என்றால் கிடையாது! ரிட்டையர் ஆன ஒருவரின் டெபாசிட் வட்டியில் பாங்க் 10 சதவீதம் பிடித்துவிட்டது. அவருக்கு வரியே இல்லை. டிசம்பருக்குள் கணக்குக் கொடுக்கத் தெரியவில்லை. அந்தப் பணத்தைத் திருத்திய கணக்கில் கேட்க முடியாது. தாமதத்தை மன்னிக்கும்படி தனியாக மனுப்போட வேண்டும். 2024 அக்டோபர் 1ந் தேதி வெளியான மத்திய நேரடி வரி வாரியச் சுற்றறிக்கைப்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 வருஷத்துக்குள் மனுச் செய்யலாம்; கூடுமானவரை ஆறு மாதத்தில் பதில் சொல்லவேண்டும். இந்த வழி இருப்பதே எத்தனை பேருக்குத் தெரியும்? 2025ல் வந்த புதிய வருமான வரி மசோதாவில், கெடுவுக்குள் கணக்குக் கொடுத்தால்தான் பிடித்த பணம் திரும்பக் கிடைக்கும் என்றே முதலில் எழுதியிருந்தார்கள். பார்லிமெண்ட் தேர்வுக் குழு சொன்ன பிறகுதான் அதை எடுத்தார்கள். நல்லவேளை!

தெரியாதவர்கள் எங்கே போகிறார்கள்? புரோக்கரிடம். "முழுப் பணத்தையும் திருப்பி வாங்கித் தர்றேன், எனக்குக் கமிஷன் கொடு" என்கிறான். இல்லாத வீட்டு வாடகையையும் கட்சி நன்கொடையையும் கணக்கில் எழுதுகிறான். அதற்கென்றே ஒரு ஈமெயில் முகவரி ஆரம்பித்துப் பிறகு அதைக் கைவிடுகிறான். நோட்டீசு அங்கே போய்த் தூங்குகிறது. மாட்டுவது கணக்குக்காரர். 2025 ஜூலை 14ந் தேதி நாடு முழுவதும் 150 இடங்களில் வரித்துறை நடத்திய சோதனையில் வெளியானது இதுதான். தமிழ்நாடும் அதில் உண்டு.

வரிகூட போகட்டும். கணக்கு இல்லாததால் வரும் பெரிய நஷ்டம் சாலையில் நடக்கிறது. கடையை மூடிவிட்டு ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகிறவர் லாரி மோதி இறக்கிறார். விபத்து வழக்கு கோர்ட்டில் மனைவியிடம் முதலில் கேட்பது, "மாத வருமானம் எவ்வளவு? ஆதாரம் எங்கே?" மாதம் 60 ஆயிரம் சம்பாதித்தவராக இருக்கலாம். காகிதம் இல்லையென்றால் கோர்ட்டு உத்தேசமாக ஒரு தொகை போடும். அது பெரும்பாலும் பாதிகூட வராது. விபத்துக்குப் பிறகு அவசரமாகத் தாக்கல் செய்த கணக்கைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். மிச்சப்படுத்திய வரியைவிடப் பல மடங்கை அந்தக் குடும்பம் அன்றைக்கு இழக்கிறது.

"பழைய நோட்டுப் புத்தகமே இல்லையே, எப்படிக் கணக்கு எழுதுவது?" என்கிறார்கள் கடைக்காரர்கள். விற்பனை 2 கோடி ரூபாய் வரை இருந்தால் விற்பனையில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டினால் போதும். செக்கிலும் ஜி-பேயிலும் வந்த பணத்துக்கு 6 சதவீதம். உண்மை லாபம் அதைவிடக் கூடுதல் என்றால் அதைத்தான் காட்டவேண்டும். பாங்க் ஸ்டேட்மெண்டை வைத்தே பாதி வேலை முடியும். சம்பளக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 2023-24 முதல், கெடு தாண்டிக் கணக்குக் கொடுத்தால் புதிய வரி முறைதான். எல்.ஐ.சி. ரசீதும் வீட்டுக் கடன் ரசீதும் அங்கே செல்லாது.

வரித்துறைக்கும் வேலை இருக்கிறது. நுங்கம்பாக்கம் ஆயகர் பவனைத் தாண்டிப் போகவே பயப்படுகிற ஆட்களை, வா என்று சொன்னால் மட்டும் வரமாட்டார்கள். பாரிமுனைக்கும் தி.நகருக்கும் கோயம்பேட்டுக்கும் அதிகாரிகள் வந்து, வியாபாரிகள் சங்கத்தில் மேஜை போட்டு உட்காரவேண்டும். கேட்டதற்குத் தமிழில் பதில் சொல்லவேண்டும். திருப்பித்தர வேண்டிய சின்னத் தொகைகளுக்கு மனு, மன்னிப்பு என்று அலையவிடாமல், அதே நாலு வருஷக் கெடுவை அவர்களுக்கும் கொடுக்கவேண்டும். வாங்க நாலு வருஷம், கொடுக்க ஒன்பது மாதம் என்பது எந்த ஊர் நியாயம்?

2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம். ஆனால் பழைய வருஷங்களுக்குப் பழைய சட்டம்தான் பேசும். 2021-22ல் சம்பாதித்த பணத்துக்குத் திருத்திய கணக்கின் கதவு 2027 மார்ச் 31ல் மூடும். 2022-23க்கு 2028 மார்ச் 31. அதிலும் 60 சதவீதம் 2027 மார்ச் 31 வரைதான். மறுநாள் முதல் 70.