கடைக் கணினியும் பிறர் கடிதமும்

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில் என் பழைய மாணவர் ஒருவர் வீடு தேடி வந்தார். யாழ்ப்பாண நகரில் சிறியதோர் அச்சகம் நடத்துபவர். ஏழு பேருக்கு வேலை கொடுப்பவர். கலியாண அழைப்பிதழ், அந்தியேட்டிக் கல்வெட்டு, பற்றுச்சீட்டுப் புத்தகம் என்று தொழில் குறைவின்றி நடக்கிறது. ஆயினும் முகம் வாடியிருந்தது.

"சேர், நான் சம்பளம் குடுக்கிறது வேலைக்கோ, யூரியூப் பாக்கிறதுக்கோ?" என்று தொடங்கினார்.

அவருடைய மனக்குறை நியாயமற்றதன்று. மறுநாட் காலையில் கொடுக்கவேண்டிய கல்வெட்டு அரைகுறையாகக் கிடக்க, பையன் ஒருவன் கிரிக்கெற் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தானாம். இன்னொருவன் இறக்கிய இலவச மென்பொருளோடு வைரசும் வந்துசேர, இரண்டு நாள் வேலை முடங்கியதாம்.

ஆனால் அவரை என்னிடம் கொண்டுவந்த காரியம் வேறு. பக்கங்களை வடிவமைக்கும் பெண் மதிய உணவுக்கு எழுந்து சென்றவேளை, அவளுடைய வட்ஸ்அப் கணினித் திரையில் திறந்தபடி இருந்திருக்கிறது. இவர் உட்கார்ந்து வாசித்துவிட்டார். தாயாரின் நோய் பற்றியும் வீட்டுக் கடன் பற்றியும் தமையனுக்கு எழுதியவை அவை. பின்னர் எல்லார் முன்னிலையிலும், "வீட்டுக் கதையை வீட்டோடை வைச்சுக்கொள்" என்று கண்டித்திருக்கிறார். மறுநாள் முதல் அவள் வேலைக்கு வரவில்லை.

அவருக்கு நான் ஒரு வழக்கைச் சொன்னேன். ருமேனிய நாட்டிலே தனியார் நிறுவனம் ஒன்றில் விற்பனைப் பொறியாளராக இருந்தவர் ஒருவர், வாடிக்கையாளருக்கு மறுமொழி கூறுவதற்கென்று நிறுவனத்தின் வேண்டுகோளின்படி யாஹூ மெசஞ்சர் கணக்கொன்றைத் திறந்தார். அதிலே தம் சகோதரனோடும், தமக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணோடும் உரையாடலானார். சொந்தத் தேவைக்குக் கணினியைப் பயன்படுத்தலாகாது என்ற விதி அங்கே இருந்தது. அவரும் அதனை அறிவார். விசாரித்தபோது மறுத்தார். நிறுவனமோ அவ்வுரையாடல்களை 45 பக்கங்களில் எடுத்து முன்வைத்து, 2007ஆம் ஆண்டில் அவரை நீக்கியது.

ருமேனிய நீதிமன்றங்கள் நிறுவனத்தின் பக்கமே நின்றன. ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் 2016இல் அவருடைய முறைப்பாட்டை ஏற்கவில்லை. ஆனால் அதன் பெருமன்றம் 2017 செப்ரெம்பர் 5ஆந் திகதி, பதினொருவர் ஒருபுறமும் அறுவர் மறுபுறமுமாக, அவருடைய தனிவாழ்வுக்குப் போதிய காப்பு அளிக்கப்படவில்லை என்று தீர்த்தது. விதி இருந்தும் ஏன் இப்படி? கண்காணிக்கப்போகிறோம், எழுதியவற்றையும் வாசிப்போம் என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டதா என்பதை அம்மன்றம் ஆராய்ந்தது. எவ்வளவு நேரம், எவ்வளவு செய்திகள் என்று பார்ப்பது ஒன்று, உள்ளே இருப்பதை வாசிப்பது வேறொன்று என்றும் பிரித்துக் காட்டியது.

அத்தீர்ப்பு எம்மைக் கட்டுப்படுத்தாது. இங்கே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஏழு பேர் வேலைசெய்யும் அச்சகத்துக்குச் சட்டப் புத்தகத்தைக் காட்டிலும் இந்தப் பாகுபாடே பெரிதும் உதவும். நான் படித்த விடுதியிலே எங்களுக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் பார்த்த பின்னரே கொடுப்பார்கள். அந்தக் கூச்சம் இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை.

கணக்குப் பார்க்க வழி பல உண்டு. எந்தக் கருவி எவ்வளவு தரவை இழுக்கிறது என்பதைப் பல றூட்டர்கள் காட்டும். சில தளங்களைத் தடுக்கவும் செய்யலாம். ஆயினும் சட்டைப்பையில் கைத்தொலைபேசியும் அதற்குச் சொந்தத் தரவும் இருக்கையில் தடுப்பது எதை? குறித்த நேரத்துக்குப் பக்கம் முடிந்ததா என்று கேட்பதே மேல். முதலாளியின் அனுமதியின்றி எந்த மென்பொருளையும் இறக்கக்கூடாது என்பதில் மட்டும் நான் கண்டிப்புக்காரன். அங்கே பாழாவது எல்லாருடைய உழைப்புமன்றோ.

"இரவு பத்து மணிக்கு அழைப்பிதழ்த் திருத்தங்களை அவர்களுடைய சொந்தப் போனுக்கு அனுப்புகிறது ஆர்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார், மறுமொழி இல்லை.

இருவருமாக இருந்து ஒரு பக்க அறிவித்தல் எழுதினோம். எவை பார்க்கப்படும், எவை ஒருபோதும் வாசிக்கப்படமாட்டா, இடைவேளையில் எதற்குத் தடையில்லை என்பனவே அதில் உள்ளவை. அதை ஒட்டுவதற்கு முன் அவர் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் வந்தாராம். பத்து நாள் கழித்து அவள் திரும்பி வந்தாள். தன் கணினிக்குத் தனிக் கடவுச்சொல் வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறாள், கொடுத்துவிட்டார்.