நூலகத்தில் ஒரு கணித மேசை: செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,



பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்காக ‘கல்லூரிக் கனவு’ என்ற உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியை மாவட்ட நிர்வாகம் நடத்துகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு 2021இல் சட்டமானது. அதில் சேருவோரின் கல்லூரிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கடலோரக் குப்பங்களிலிருந்தும் கல் செதுக்கும் வீடுகளிலிருந்தும் முதல் தலைமுறையாக ஒரு பிள்ளை பொறியியல் கல்லூரிக்குப் போகிறதென்றால், இந்த ஏற்பாடுகளுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. கல்லூரிக்குள் நுழைந்த சில மாதங்களில் அந்தப் பிள்ளைக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றியே இந்த மடல்.

முதல் பருவத் தேர்வு முடிவு வரும் நாளில், ‘எல்லாம் கிளியர், எம்-ஒன் மட்டும் போச்சு’ என்ற பேச்சைக் கல்லூரிப் பேருந்துகளில் கேட்கலாம். எம்-ஒன் என்பது முதல் பருவக் கணிதத் தாள். அது தனியாக நிற்பதில்லை. மின்சுற்று, இயக்கவியல், சிக்னல் என்று அடுத்து வரும் பாடங்களெல்லாம் அந்தக் கணிதத்தின் மேல்தான் ஏறி நிற்கின்றன. பாலிடெக்னிக் முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேருபவர்களுக்கு இன்னும் கடினம். முதலாண்டுக் கணிதத்தின் வழியே வராமல், மூன்றாம் பருவத்தில் ஃபூரியர் தொடரையும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளையும் அவர்கள் சந்திக்கிறார்கள். அரசு கலைக் கல்லூரிகளில் இயற்பியல் படிப்பவர்களும் துணைப்பாடமாக வரும் கணிதத்தில் இதேபோல இடறுகிறார்கள்.

திருக்கழுக்குன்றம் வட்டாரத்தில் பள்ளிக் கணித ஆசிரியராக இருப்பவன் நான். என்னிடம் படித்த பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகும் நோட்டுப் புத்தகத்தோடு வருவதுண்டு. அந்த நோட்டுகள் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன. அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் கல்லூரிக் கணிதத்தில் அல்ல.

ஓர் உதாரணம் தருகிறேன். 3-க்கு 3 அணி ஒன்றுக்கு ஐகன் மதிப்பு காண வேண்டும். 16 மதிப்பெண் வினா. மாணவி சிறப்புச் சமன்பாட்டைச் சரியாக அமைத்துவிடுகிறாள். 1, −6, 11, −6 என்ற கெழுக்களோடு ஒரு முப்படிச் சமன்பாடு வருகிறது. அங்கே பேனா நிற்கிறது. கெழுக்களைக் கூட்டினால் பூஜ்ஜியம், ஆகவே 1 ஒரு மூலம். தொகுமுறை வகுத்தல் செய்தால் இருபடிச் சமன்பாடு மிஞ்சும், அதிலிருந்து 2, 3 கிடைக்கும். இது முழுவதும் ஒன்பதாம் வகுப்புப் பாடம். புதிதாகக் கற்ற கடினமான பகுதியை அவள் சரியாகச் செய்துவிட்டாள். பள்ளியில் கைநழுவிய ஒரு படியில் நின்றுவிட்டாள். இதேபோலப் பதினொன்றாம் வகுப்பின் பகுதிப் பின்னங்கள் தெரியாததால் லாப்லாஸ் உருமாற்றத்தில் நிற்பவர்கள் உண்டு. முக்கோணவியல் முற்றொருமைகள் மறந்துபோய்த் தொகையிடலில் நிற்பவர்களும் உண்டு.

எந்தப் படி விழுந்தது என்று தெரியாத பிள்ளை, ‘எனக்குக் கணக்கே வராது’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறது. பிறகு முக்கிய வினாக்களின் பட்டியலைத் தேடி மனப்பாடம் செய்கிறது. எண்ணை மாற்றிக் கேட்டால் மனப்பாடம் கைகொடுப்பதில்லை. இன்னும் சிலர் காணொளிப் பாடங்களைத் தேடிப் போகிறார்கள். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் பாடங்கள் உயர்ந்த தரம் உடையவை, இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் பிள்ளைகள் சொல்வது ஒன்றுதான்: ‘பார்க்கும்போது புரியுது சார், போட்டா வரல.’ கணிதம் கையால் போட்டுப் பழகும்போதுதான் வரும். போட்டது எங்கே பிசகியது என்று காட்ட ஒருவர் வேண்டும். காணொளியால் அதைச் செய்ய முடியாது.

சுயமாகப் படிப்பதென்றால் தனியாக விடப்படுவது என்று நாம் பொருள் கொண்டுவிட்டோம். மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களில் கற்றுக்கொள்ளும் பையன் நாள் முழுவதும் தன் கல்லோடு தனியாகத்தான் இருக்கிறான். ஆனால் அளவு குறித்துக் கொடுத்த கோடு கல்லில் இருக்கிறது; உளி தவறிப் போகும் இடத்தில் பெரியவர் வந்து கையை வைக்கிறார். கணிதத்தைச் சுயமாகப் படிக்கும் மாணவருக்கும் இந்த இரண்டும்தான் வேண்டும்: குறித்துக் கொடுத்த பாதையும், அவ்வப்போது வந்து பார்க்கும் ஒரு கண்ணும்.

இதை ஏற்பாடு செய்து காட்டிய ஊர்கள் இருக்கின்றன. இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் கற்பித்த கே. ஏ. ஸ்ட்ரவுட், 1970இல் பொறியியல் கணிதத்துக்கு ஒரு சுயபயிற்சி நூல் எழுதினார். பாடம் முழுவதையும் சின்னச் சின்னப் படிகளாக நறுக்கி, ஒவ்வொரு படியின் முடிவிலும் மாணவரையே ஒரு கணக்குப் போடச் சொல்வார். அடுத்த படி அதன் விடையோடு தொடங்கும். தவறு செய்தவருக்கு அது அங்கேயே தெரிந்துவிடும். அதே நாட்டின் லஃப்பரோ பல்கலைக்கழகம் 1996இல் ஒரு கணித உதவி மையம் திறந்தது. முன்பதிவு ஏதுமின்றி எந்தச் சந்தேகத்தோடும் மாணவர் உள்ளே போகலாம். பின்னர் அதன் தலைமையில் ஐந்து பல்கலைக்கழகங்கள் சேர்ந்து பொறியியல் மாணவர்களுக்கான 50 பயிற்சி ஏடுகளை உருவாக்கின. பள்ளி இயற்கணிதத்தின் அடிப்படையிலிருந்தே அந்த ஏடுகள் தொடங்குகின்றன. பல்கலைக்கழக மாணவருக்குப் பள்ளிப் பாடத்தைத் திரும்பச் சொல்லிக்கொடுப்பதில் அவர்கள் வெட்கப்படவில்லை.

நமக்கும் ஆளுக்குக் குறைவில்லை. உலகம் மதித்த இயற்கணித வடிவியல் அறிஞர் சி. எஸ். சேஷாத்ரி வளர்ந்ததும் பள்ளியில் படித்ததும் செங்கல்பட்டில்தான். அவர் 1989இல் தொடங்கிய கணிதப் பள்ளிதான் சென்னைக் கணிதவியல் கழகமாக வளர்ந்து, 2005 முதல் நம் மாவட்டத்துச் சிறுசேரியில் இயங்குகிறது. இந்தியாவெங்கும் இருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட கணித மாணவர்கள் அங்கே படிக்கிறார்கள். தெற்கே கல்பாக்கத்தில் 1971 முதல் அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் கணிதத்தைக் கருவியாகப் பிடித்து வேலை செய்த பொறியாளர்களும் விஞ்ஞானிகளும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வாழ்கிறார்கள். இவர்களுக்கும், பழைய மாமல்லபுரம் சாலைக் கல்லூரியில் கணிதத்தில் தோற்றுப் போய்ப் பேருந்தில் வீடு திரும்பும் பிள்ளைக்கும் நடுவே பேச ஓர் இடம் இல்லை. அந்த இடத்தை உருவாக்கித் தருமாறு தங்களைக் கேட்கிறேன்.

நூலகம் அதற்கு ஏற்ற இடம். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியையும் மக்கள் கட்டி வருகிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு நூலகங்களில் இடம் ஒதுக்கும் நல்ல வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பக்கத்தில் கணிதத்துக்கு ஒரு மேசை போட வேண்டும்.

அந்த மேசையில் முதலில் இருக்க வேண்டியது ஒரு சோதனைத் தாள். பின்னம், குறிகள், காரணிப்படுத்தல், மடக்கை, முக்கோணவியல், வகையிடல், தொகையிடல் ஆகியவற்றில் எளிய வினாக்கள் போதும். மதிப்பெண் போடக் கூடாது, பெயர் எழுதவும் வேண்டாம். எந்தப் படியிலிருந்து தொடங்க வேண்டும் என்று மாணவர் தானே தெரிந்துகொள்ளத்தான் அது. அடுத்ததாக, ஒவ்வொரு படிக்கும் ஒரு பயிற்சி ஏடு: ஒரு கணக்கு முழுதாகப் போட்டது, அடுத்தது பாதி போட்டது, பிறகு மாணவரே போட வேண்டியவை, கடைசிப் பக்கத்தில் வழிமுறையோடு விடைகள். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்காகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எதிரெதிர்ப் பக்கமாக அவை இருக்க வேண்டும். பள்ளி ஆசிரியர்களும் கல்லூரி ஆசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்தால் இதை எழுதிவிடலாம். இருவரும் சேர்ந்து எழுதுவதுதான் முக்கியம். பள்ளியில் எது விட்டுப்போனது, கல்லூரியில் எது தேவைப்படுகிறது என்று ஒரே ஆளுக்குத் தெரிவதில்லை.

மூன்றாவதாக, வாரத்தில் இரண்டு மாலைகள் அங்கே உட்கார ஒருவர். அவர் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. போட்ட கணக்கைப் பார்த்து, பிசகிய வரியின் கீழ் விரல் வைத்தால் போதும். கல்பாக்கத்தில் ஓய்வுபெற்றவர்களையும், சிறுசேரி மாணவர்களையும், முதல் பருவக் கணித அரியரை எழுதி மீண்டு வந்த மூத்த மாணவர்களையும் தங்கள் அலுவலகம் அழைத்தால் வருவார்கள். தூரத்திலிருந்து வருபவர்களுக்குப் பேருந்துக் கட்டணமும் தேநீரும் கொடுத்தால் நல்லது.

‘இது கல்லூரிகளின் பொறுப்பல்லவா?’ என்று கேட்கலாம். ஆம், அவர்களுடைய பொறுப்புதான். அவர்களிடமும் இதைக் கேட்க வேண்டும். ஆனால் பாடத்திட்டம் முடிக்க ஓடும் பருவத்துக்குள் ஒன்பதாம் வகுப்புக்குத் திரும்பிப் போக ஆசிரியருக்கு நேரம் கிடைப்பதில்லை. அறுபது பேர் நடுவே எழுந்து நின்று, தொகுமுறை வகுத்தல் தெரியாது என்று சொல்ல மாணவருக்கும் வாய் வருவதில்லை. ஊர் நூலகத்தில் அந்தக் கூச்சம் குறைவு.

ஒரு வேண்டுகோளை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இதை இன்னொரு பயிற்சி வகுப்பாக மாற்றிவிட வேண்டாம். முக்கிய வினாப் பட்டியல் அந்த மேசைக்கு வரக் கூடாது. வருகைப் பதிவேடு, மாதத் தேர்வு, தரவரிசை எதுவும் வேண்டாம். நான்கு பேர் வந்தாலும் மேசை திறந்திருக்க வேண்டும்.

வரும் கல்வியாண்டின் முதல் பருவம் தொடங்குமுன் செங்கல்பட்டு நகரில் ஒன்று, மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் ஒன்று என இரண்டு நூலகங்களில் இதைத் தொடங்க ஆணையிடுங்கள். மாவட்ட நூலக அலுவலரையும் முதன்மைக் கல்வி அலுவலரையும் அருகிலுள்ள கல்லூரிகளின் கணிதத் துறைத் தலைவர்களையும் ஒரு கூட்டத்துக்கு அழைத்தால் வேலை தொடங்கிவிடும். ஏடு எழுதவும், மாலையில் மேசையில் உட்காரவும் என்னைப் போன்ற ஆசிரியர்கள் ஆயத்தமாக இருக்கிறோம். ஓராண்டுக்குப் பிறகு தேர்ச்சி விழுக்காட்டைக் கேளுங்கள். அதற்கு முன், முதல் முறை வந்த பிள்ளைகளில் எத்தனை பேர் அடுத்த வாரமும் வந்தார்கள் என்று கேளுங்கள். இந்த ஏற்பாடு உதவுகிறதா என்பதை அந்தக் கணக்குதான் முதலில் சொல்லும்.

இப்படிக்கு,
திருக்கழுக்குன்றம் வட்டாரத்துக் கணித ஆசிரியர் ஒருவர்