'வடக்கன்'னு கூப்பிடுறீங்களா? தாராசுரத்துக்கு ஒருமுறை வந்துட்டுப் போங்க!

தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலைச் சுத்திப் பார்த்துட்டு, வெளியே ஒரு கடையில் டீ சொன்னேன். டீயைக் கொண்டுவந்து வெச்ச பையனுக்கு இருபது வயசு இருக்கும். பக்கத்து பெஞ்சில் ரீல்ஸ் எடுத்துக்கிட்டிருந்த நாலு பேரில் ஒருத்தர், "இங்கயும் வடக்கன் வந்துட்டான்டா"ன்னு சிரிச்சார். பையனும் சிரிச்சான். புரிஞ்சு சிரிச்சானா, புரியாம சிரிச்சானான்னு தெரியலை.

இதுல வேடிக்கை என்னன்னா, அதே ஊர்லதான் வடக்கிலிருந்து வந்து செட்டிலான ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையா பட்டு நெய்யுது. வீட்டுக்குள்ள அவங்க பேசுறது தமிழ் இல்லை, சௌராஷ்டிரம்!

'பட்டுநூல்காரர்' எங்கே போனாங்க?

இன்னிக்கு குஜராத்தில் இருக்கிற சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து கிளம்பி, பல நூற்றாண்டுகள்ல தக்காணம், விஜயநகரம்னு தெற்கே நகர்ந்து, நாயக்கர் காலத்தில் மதுரை, கும்பகோணம் பக்கமெல்லாம் குடியேறினவங்க இவங்க. ஊர்க்காரங்க வெச்ச பேர் 'பட்டுநூல்காரர்'. செய்ற தொழிலே பேராயிடுச்சு. பிரிட்டிஷ் கால ஆவணங்கள்லகூட அந்தப் பேர்தான் இருக்கு.

இன்னிக்கு அந்தப் பேரைச் சொல்றவங்க குறைவு. 'எங்களை சௌராஷ்டிரர்னு சொல்லுங்க'ன்னு அவங்க கேட்டாங்க, காலப்போக்கில் ஊரும் மாறிக்கிச்சு. 2011 சென்சஸ்படி நாட்டில் 2.4 லட்சத்துக்கும் மேற்பட்டவங்க இந்த மொழி பேசுறாங்க. 'காதுகள்' நாவலுக்காக சாகித்ய அகாடமி விருது வாங்கின கும்பகோணம் எம்.வி.வெங்கட்ராம் இந்தச் சமூகம்தான். தமிழ் உச்சரிப்புன்னாலே நாம உதாரணம் காட்டுற டி.எம்.சௌந்தரராஜனும் இந்தச் சமூகம்தான். அவரை யாராவது 'வடக்கன்'னு சொல்வோமா?

திசையைச் சொல்றது கெட்ட வார்த்தையா?

'வடக்கன்'னா வடக்கே இருந்து வந்தவன். இதுல என்ன தப்புன்னு கேட்கலாம். அகராதியில் தப்பே இல்லை. புழக்கத்தில்தான் சிக்கல்.

முதல் சிக்கல், எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டுறது. பீகார்க்காரர், வங்காளி, ஒடிசாக்காரர், அசாம்காரர் எல்லாருமே நமக்கு வடக்கன். ஒடிசாவும் அசாமும் இருக்கிறது கிழக்கில். வங்காளிக்குத் தாய்மொழி இந்தியும் இல்லை.

இரண்டாவது, அந்த 'அன்'. மேல முதல் பாராவை இன்னொருமுறை படிச்சுப் பாருங்க. கிண்டல் பண்ணவர் 'சிரிச்சார்'. டீ கொடுத்தவர் 'சிரிச்சான்'. ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. எழுதும்போது எனக்கே அது உறைக்கலை. தமிழ்ல மரியாதையைக் கொடுக்கவும் பிடுங்கவும் ஒரு விகுதி போதும்.

இது சும்மா இலக்கணப் பிரச்னைன்னு நினைச்சா, சென்சார் போர்டு அப்படி நினைக்கலை. பாஸ்கர் சக்தி இயக்கிய படத்துக்கு முதல்ல வெச்ச பேர் 'வடக்கன்'. அந்தத் தலைப்புக்கு அனுமதி கிடைக்காம, 2024-ல் 'ரயில்'னு பேர் மாத்தித்தான் ரிலீஸ் ஆச்சு.

நம்மளை என்னன்னு கூப்பிட்டாங்க?

டெல்லியிலும் மும்பையிலும் நாம 'மதராசி'. தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளி எல்லாரும் அந்த ஒரே மூட்டைதான். மதராஸ் மாநிலம் 1969-லேயே தமிழ்நாடு ஆயிடுச்சு, ஆனா பேர் போகலை. டெல்லி ஜங்புராவில் தமிழர்கள் பல்லாண்டுகள் வாழ்ந்த குடிசைப் பகுதியோட பேரே 'மதராசி கேம்ப்'. 2025 ஜூன்ல அதை இடிச்சாங்க. கேரளாவில் நாம 'பாண்டி'. பாண்டிய நாட்டுக்காரன்னு அர்த்தம். கேட்க கம்பீரமா இருக்கு, ஆனா கூப்பிடுற தொனியில் கம்பீரம் இருக்காது.

கடல் தாண்டினா இன்னும் மோசம். உழைப்புக்கான சம்பளத்தைக் குறிக்கிற நம்ம 'கூலி', தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் மேல எறியுற வசையாச்சு. காந்தியே அங்கே 'கூலி பாரிஸ்டர்'. பேர்ல 'சாமி' இருந்ததால தமிழர்களை 'சம்மி'ன்னாங்க. தரங்கம்பாடி பக்கத்துத் தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை, அந்த மண்ணில்தான் போராடி ஜெயிலுக்குப் போய், 1914-ல் 16 வயசில் இறந்துபோனார்.

மலேசியாவில் 'கெலிங்'. கலிங்கம்ங்கிற பேரிலிருந்து வந்ததா சொல்லப்படுற இந்த வார்த்தை, ஒரு காலத்தில் சாதாரண அடையாளம். பினாங்கில் 'கபித்தான் கெலிங்' பள்ளிவாசல் இன்னிக்கும் கம்பீரமா நிக்குது. ஆனா அதே வார்த்தையை அங்கே ஒரு தமிழர் முகத்துக்கு நேரா சொன்னா, அது வசை. எழுத்து மாறலை, சொல்றவங்க மனசு மாறிடுச்சு.

பேர்ல ஆரம்பிச்சு எங்கே முடியும்?

இலங்கை மலையகத் தமிழர்களை 'கள்ளத்தோணி'ன்னாங்க. பஞ்சம் பிழைக்க நம்ம ஊர்களிலிருந்து தோட்ட வேலைக்குக் கூட்டிட்டுப் போகப்பட்டவங்க அவங்க. 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் அவங்கள்ல பெரும்பாலானவங்களை நாடற்றவங்களாக்கிடுச்சு. வார்த்தையும் சட்டமும் ஒரே திசையில்தான் போச்சு. இன்னொண்ணும் சொல்லணும். அவங்களைத் 'தோட்டக்காட்டான்'னு இளக்காரமா சொன்னவங்கள்ல சக தமிழர்களும் உண்டு.

நம்ம ஊர் உதாரணமும் இருக்கு. 2023 பிப்ரவரியில், ஓடுற ரயில்ல வடமாநிலத் தொழிலாளர்களை ஒருத்தர் அடிக்கிற வீடியோ வைரலாச்சு. அடிச்சவர் கைதானார். அடுத்த மாசமே, தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்றாங்கன்னு போலி வீடியோக்கள் பரவி, பலர் பயந்து ஊருக்கு ரயில் ஏறினாங்க. பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே இங்கே அனுப்பிச்சு. பொய்தான். ஆனா அந்தப் பொய்யை அவங்க ஏன் சுலபமா நம்பினாங்கன்னு யோசிங்க. தினமும் காதுல விழுற பேர், பயத்துக்கு ஏற்கெனவே இடம் போட்டு வெச்சிருந்தது.

"அதெல்லாம் சரி, எங்க வேலை போகுதே?"

நியாயமான கேள்வி. இப்போ டெல்டாவில் நாற்று நடவே மேற்கு வங்கத்திலிருந்து குழுவா வர்றாங்க. கயிறு பிடிச்சு, ஏக்கருக்கு இவ்வளவுன்னு பேசி நட்டுட்டுப் போறாங்க. நடவுக்கு ஆள் கிடைக்காத விவசாயிக்கு அது உதவி. நடவை நம்பியிருந்த உள்ளூர்ப் பெண்களுக்கு அது இழப்பு. ரெண்டும் உண்மை. ஆனா கூலியைப் பேசி முடிவு பண்றது வேலை கொடுக்கிறவரும் ஏஜென்ட்டும். கோபத்தை அவங்ககிட்ட காட்டுறது கஷ்டம். சேத்துல குனிஞ்சு நிக்கிறவரை 'வடக்கன்'னு சொல்றது சுலபம்.

அப்போ எப்படித்தான் கூப்பிடுறது?

கேரள அரசு 'அதிதி தொழிலாளி', அதாவது விருந்தாளித் தொழிலாளின்னு சொல்லுது. மரியாதைதான். ஆனா விருந்தாளின்னா ஒருநாள் கிளம்பணுமே! தாராசுரம் நெசவாளர்கள் கிளம்பலை. இந்த ஊராவே ஆயிட்டாங்க.

ஒரு வார்த்தை புண்படுத்துமான்னு சந்தேகமா இருந்தா ரெண்டு கேள்வி போதும். முகத்துக்கு நேரா, 'ங்க' சேர்த்து அதைச் சொல்ல முடியுமா? அதே மாதிரி ஒரு பேர்ல பெங்களூருவில் வேலை பார்க்கிற உங்க தங்கச்சியைக் கூப்பிட்டா உங்களுக்கு ஓகேவா?

மத்தபடி, உலகத்தில் எல்லாருக்கும் அம்மா அப்பா வெச்ச பேர் ஒண்ணு இருக்கு. அன்னிக்கு அந்த டீக்கடையில் நானும் அதைக் கேட்காமலே கிளம்பிட்டேன். அடுத்த தடவை போகும்போது முதல்ல அதைக் கேட்கணும். டீ அப்புறம் சொல்லிக்கலாம்.